போர்ச்சுகல்: விடுமுறை நாட்களும் வீட்டு மேசையும்

செமஸ்டர் தேர்வு ஒருவழியாக முடிந்தது. ரொம்ப நாளாக எழுத நினைத்து, படித்துப் படித்துத் தள்ளிப்போட்ட கட்டுரை இது. கொஞ்சம் நீளம்தான். டீ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இதற்குக் காரணம் என் அறைத்தோழன். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரன். அவன் பெயரின் பின்னால் ஒரு போர்த்துகீசியப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது வந்து சேர்ந்த பெயர்களில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, வகுப்பை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் திரும்புவான். வருகைப் பதிவில் ஒரு நாள் போகும். அதற்கு அவன் கவலைப்பட்டதே கிடையாது. ஒரு தடவை மட்டும் கிளம்பும்போது கேட்டான்: "எங்களுக்கு இந்தப் பேரையெல்லாம் குடுத்துட்டுப் போனானே, அவன் ஊர்ல அன்னைக்கு லீவாடா?"

எனக்குத் தெரியவில்லை. சும்மா ஒரு நிமிடம் தேடிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நவம்பர் 1 அங்கே லீவு. ஆனால் 2013 முதல் 2015 வரை மூன்று வருடம் லீவு இல்லை! ஏன் இல்லை என்று பார்க்கப் போனால் 1910-க்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கிருந்து சலாசர், ஆப்பிரிக்கப் போர், கருவாடு என்று எங்கெங்கோ போய்விட்டது. அரசு ஒரு நாளுக்கு ஒரு காரணம் சொல்லி லீவு விடும். வீட்டில் இருப்பவர்கள் அந்த நாளை வேறு எதற்கோ எடுத்துக்கொள்வார்கள். போர்ச்சுகல்லின் கடந்த நூறு வருடக் கதையில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. லத்தீனில் 'ஃபேரியா' என்றால் திருநாள், ஓய்வு நாள். விடுமுறைக்குப் போர்த்துகீசியச் சொல்லான 'ஃபெரியாது' அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அவர்கள் மொழியில் திங்கட்கிழமைக்கே 'செகுந்தா ஃபெய்ரா', அதாவது இரண்டாம் திருநாள் என்றுதான் பெயர். செவ்வாய் மூன்றாம் திருநாள். இப்படியே வெள்ளி ஆறாம் திருநாள். சனியும் ஞாயிறும் மட்டும் 'சாபது', 'துமிங்கு'. கிழமைகளுக்குப் பழைய ரோமானியக் கடவுள்களின் பெயர் கூடாது என்று 6-ஆம் நூற்றாண்டில் பிராகா நகர ஆயராக இருந்த மார்ட்டின் வலியுறுத்தினார் என்பார்கள். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி எல்லாம் பழைய பெயர்களையே வைத்துக்கொண்டன. ஆக, போர்ச்சுகல்லில் வேலை நாள் ஐந்துக்கும் திருநாள் என்று பெயர். திருநாள் என்று பெயர் இல்லாத இரண்டு நாளில்தான் லீவு. :)

இனி 1910-க்குப் போவோம்.

அந்த வருடம் அக்டோபர் 5-ஆம் தேதி லிஸ்பனில் புரட்சி வெடித்து மன்னராட்சி முடிந்தது. கடைசி மன்னர் இரண்டாம் மனுவேல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஆட்சிக்கு வந்த குடியரசுக்காரர்களுக்குத் திருச்சபை மீது கடும் கோபம். மன்னரும் பாதிரிகளும் கைகோத்துக்கொண்டுதான் மக்களைப் படிக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் கட்சி. பதவிக்கு வந்து ஒரு வாரத்திலேயே விடுமுறைப் பட்டியலில் கை வைத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், புதிய அரசு, கஜானா காலி, எவ்வளவு வேலை இருந்திருக்கும்! முதல் வேலைகளில் ஒன்றாக நாட்காட்டியை எடுத்தார்கள் என்றால் அதன் முக்கியம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மதத் திருநாட்கள் எல்லாம் அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஐந்து நாட்கள் மட்டும் வைத்தார்கள். ஜனவரி 1 உலக சகோதரத்துவ நாள். ஜனவரி 31, 1891-இல் போர்ட்டோவில் தோற்றுப்போன குடியரசுக் கிளர்ச்சியின் நினைவு. அக்டோபர் 5 அவர்களுடைய வெற்றி நாள். டிசம்பர் 1, 1640-இல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை உதறிய நாள். ஐந்தாவது டிசம்பர் 25. ஆனால் இயேசு பிறந்த நாள் என்று அல்ல. அதற்கு வைத்த பெயர் 'குடும்ப நாள்'.

எனக்கு இது மிகவும் பிடித்தது. கிறிஸ்துமஸை ஒழிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஒழித்தால் அவர்கள் வீட்டு அம்மாக்களே விடமாட்டார்கள். அதனால் உள்ளே இருந்த சாமியை எடுத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெறும் பெயர் மாற்றமும் இல்லை. அதே 1910 டிசம்பர் 25-ஆம் தேதியிட்டு குடும்பச் சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். திருமணம் என்பது சிவில் ஒப்பந்தம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பழைய விதி ரத்து, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. விவாகரத்துச் சட்டம் அதற்கு முன்பே, நவம்பர் 3-ஆம் தேதி வந்துவிட்டது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதிகளோடு. 1910-இல்! ஸ்பெயின்காரர்கள் இதற்கு 1930கள் வரையும், இத்தாலிக்காரர்கள் 1970 வரையும் காத்திருந்தார்கள்.

ஆனால் குடியரசுக்காரர்களின் 'குடும்பத்துக்கு' ஒரு எல்லை இருந்தது. 1911 தேர்தல் சட்டம், 21 வயது நிரம்பி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கோ குடும்பத் தலைவர்களுக்கோ வாக்குரிமை என்றது. கரோலினா பியாத்ரிஸ் ஆஞ்செலு என்ற பெண் மருத்துவர் அதைக் கவனமாகப் படித்தார். அவர் கணவரை இழந்தவர், ஒரு மகளை வளர்ப்பவர், படித்தவர். "அப்படியானால் என் வீட்டுக் குடும்பத் தலைவர் நான்தானே?" என்று நீதிமன்றம் போனார். சட்டத்தில் 'ஆண்' என்று எங்கும் எழுதவில்லை! தீர்ப்பு அவர் பக்கம். 1911 மே 28-ஆம் தேதி வாக்களித்தார். போர்ச்சுகல்லில் வாக்களித்த முதல் பெண் அவர்தான். அதே வருடம் அக்டோபரில் இறந்தும் போனார். 1913-இல் சட்டத்தைத் திருத்தி, வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். குடும்ப நாள் கொண்டாடியவர்களுக்குக் குடும்பத் தலைவி ஓட்டுப் போடுவது பிடிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த 1910 ஆணை, ஒவ்வொரு நகராட்சியும் தனக்கென்று ஒரு உள்ளூர் விடுமுறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றது. லிஸ்பன் பவ்வியமாக ஜூன் 10-ஐ எடுத்துக்கொண்டது. கவிஞர் கமோயிஷ் 1580-இல் இறந்த நாள். குடியரசுக்காரர்களுக்கு உகந்த தேர்வு. போர்ட்டோவிலோ ஒரு நாளிதழ் 1911-இல் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஜனங்கள் தேர்ந்தெடுத்தது ஜூன் 24. அது யார் நாள்? புனித அருளப்பர் திருநாள்! மேலே கதவைச் சாத்தி வெளியே அனுப்பிய புனிதரைக் கீழே பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்றும் போர்ட்டோவின் நகர விடுமுறை அதுதான். ஜூன் 23 இரவு தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை. பெரியவர் சிறியவர் பார்க்காமல் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் ஒருவர் தட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சின்னத் தொட்டியில் செடி வாங்குகிறார்கள், நம் திருநீற்றுப்பச்சிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை மூக்கால் நேரே முகரக் கூடாதாம், கையால் தடவிக் கையை முகர வேண்டுமாம். லிஸ்பனும் பிற்காலத்தில் ஜூன் 13-க்கு, புனித அந்தோணியாருக்கு, மாறிக்கொண்டது.

சரி, டிசம்பர் 24 இரவு அந்த வீடுகளில் என்ன நடக்கிறது? அரசு அதைக் கிறிஸ்துமஸ் என்றாலும் குடும்ப நாள் என்றாலும் சாப்பாடு மாறவில்லை. அந்த இரவு விருந்துக்கு 'கொன்சுவாடா' என்று பெயர். நடுநாயகம் 'பாக்கல்யாவ்'. கேட்க ஏதோ பெரிய பதார்த்தம் மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால் கருவாடு! உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன். அதை ஒன்றிரண்டு நாள் முன்பே தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, உருளைக்கிழங்கு, கோஸ் கீரை, முட்டையோடு வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஒரு முழு நாடு வருடத்தின் முக்கியமான இரவில் கருவாடு சாப்பிடுகிறது என்று சொன்னபோது என் அறைத்தோழன் எழுந்து நின்று கை தட்டினான்.

ஏன் இறைச்சி இல்லை? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தி நாளாக இருந்தது. இறைச்சி தொடக்கூடாது. அந்தத் தடை தளர்ந்து பல காலம் ஆகியும் மீன் மட்டும் மேசையை விட்டு இறங்கவில்லை. வடக்கே சில பகுதிகளில் காட் மீனுக்குப் பதில் ஆக்டோபஸ். மறுநாள் மிச்சத்தை எல்லாம் கிளறிப் பூண்டும் எண்ணெயும் போட்டு வதக்கினால் அதற்குப் பெயர் 'ரோப்பா வெல்யா', பழந்துணி! இதில் இன்னொரு சமாச்சாரம், அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடையாது. அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, அப்புறம் கிரீன்லாந்து வரை போய்ப் பிடித்தார்கள். வசந்த காலத்தில் கப்பல் ஏறினால் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். 20-ஆம் நூற்றாண்டிலும் பனிமூட்டத்தில் ஆளுக்கு ஒரு சின்னப் படகில் தனியாக உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள் அவர்கள். குடும்பம் ஒன்றுகூடும் இரவின் சாப்பாடு, குடும்பத்தைப் பிரிந்து போன ஆட்களால் வந்தது.

மேசையில் இன்னொன்று 'போலு ரெய்', ராஜா கேக். நடுவில் ஓட்டையோடு, மேலே சர்க்கரையில் ஊறிய பழத்துண்டுகள் பதித்து, கிரீடம் மாதிரி இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்தது. உள்ளே ஒரு மொச்சைக்கொட்டை வைப்பார்கள், முன்பெல்லாம் ஒரு சின்னப் பரிசுப்பொருளும் வைத்தார்கள். மொச்சை யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த கேக் வாங்கித் தர வேண்டும். 1910-க்குப் பிறகு 'ராஜா' என்ற பெயரே தகராறாகிவிட்டது. சில கடைகள் அதிபர் கேக் என்றும் வேறு பெயர்களிலும் விற்றுப் பார்த்தன. ஒன்றும் நிற்கவில்லை. ராஜா போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கேக்கில் மட்டும் இன்னும் ஆட்சி நடக்கிறது.

வடக்கத்திக் கிராமங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கொன்சுவாடா முடிந்ததும் மேசையைத் துடைத்து ஒழுங்குபண்ண மாட்டார்கள். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். அந்த வீட்டில் இறந்துபோனவர்கள் இரவில் வந்து சாப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை. சில வீடுகளில் அந்த வருடம் இறந்தவருக்குத் தனித் தட்டே வைப்பார்களாம். இதைப் படித்தபோது எங்கள் பாட்டி பொங்கலுக்கு முன் தாத்தாவுக்கு வேட்டியும் வெற்றிலையும் வைத்துப் படைப்பது ஞாபகம் வந்தது. ('மேசை' என்ற சொல்லே போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்ததுதான். ஜன்னல், சாவி, அலமாரியும் அப்படித்தான்.)

குடியரசு 16 வருடம்தான் தாங்கியது. 1926-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1932-இல் பிரதமரான பொருளாதாரப் பேராசிரியர் சலாசர் 1968 வரை பிடியை விடவில்லை. "கடவுள், தாய்நாடு, குடும்பம்" என்பது அவர் ஆட்சியின் தாரக மந்திரம். 1936-இல் பிராகா நகரில் பேசும்போது, இந்த மூன்றைப் பற்றியும் விவாதமே கிடையாது என்றார். 1938-இல் பள்ளிகளுக்குப் படங்கள் அச்சடித்து அனுப்பினார்கள். அதில் புகழ்பெற்ற படம் ஒரு கிராமத்து வீடு. அப்பா வயலிலிருந்து கருவியோடு வீடு திரும்புகிறார். அம்மா அடுப்படியில். பிள்ளைகள் அப்பாவை வரவேற்கிறார்கள். ஒரு பக்கம் சுரூபம், ஜன்னலுக்கு வெளியே கோட்டைக் கொடி. இப்படி நாடு முழுக்கக் குடும்பப் படம் மாட்டிய மனிதர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் அழகுதான். சட்டத்தைப் பார்த்தால் அழகாக இல்லை. 1933 அரசியல் சட்டம் எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டு, பெண்களைப் பொறுத்தவரை "இயற்கையாலும் குடும்ப நலனாலும் வரும் வேறுபாடுகள்" தவிர என்று ஒரு வாலைச் சேர்த்தது. 1940-இல் வாத்திக்கானோடு செய்த ஒப்பந்தப்படி, கோவிலில் கல்யாணம் செய்தவர்களுக்கு இனி விவாகரத்து கிடையாது. 1969 வரை, கல்யாணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது. மதத் திருநாட்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள், அன்னையர் தினமாகவும் கொண்டாடப்பட்டது. (இப்போது அது மே மாத முதல் ஞாயிறு. தந்தையர் தினம் புனித சூசையப்பர் நாளான மார்ச் 19.) கமோயிஷ் நாளான ஜூன் 10-ஐ 'நம் இனத்தின் நாள்' என்று ஆக்கினார்கள்.

1961-இல் அங்கோலாவில் விடுதலைப் போர் தொடங்கியது. பிறகு கினி, மொசாம்பிக். 13 வருடம் நடந்த அந்தப் போருக்குக் குடும்பம் குடும்பமாகப் பையன்கள் போனார்கள். போர்த்துகீசியப் படையில் மட்டும் இறந்தவர்கள் 8,000-க்கும் மேல். ஆப்பிரிக்கர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு.

1963 முதல் ஜூன் 10 அன்று லிஸ்பனில் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் பதக்கம் வழங்கும் விழா நடத்தினார்கள். இறந்த வீரர்களின் பதக்கத்தை வாங்க அவர்கள் வீட்டார் வர வேண்டும். கறுப்புத் துணி உடுத்திய தாய்மார்கள், இளம் விதவைகள், சில சமயம் அப்பாவின் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கும் சின்னப் பையன்கள். அந்தப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எல்லா நாடும் போர் வீரர்களைக் கௌரவிக்கிறதுதான். ஆனால் இது ஒரு கவிஞர் இறந்த நாள். கவிதை எங்கே, அந்தப் பையன் எங்கே!

கிறிஸ்துமஸும் மாறியது. டிசம்பர் வந்தால் அரசுத் தொலைக்காட்சி ஆப்பிரிக்க முகாம்களுக்குக் கேமராவோடு போகும். சிப்பாய்கள் வரிசையில் நின்று ஆளுக்குச் சில நொடி பேசுவார்கள். பெயர், அம்மா அப்பாவுக்கும் மனைவிக்கும் வாழ்த்து, கடைசியில் "திரும்பி வரும்வரை போய்வருகிறேன்." கிட்டத்தட்ட எல்லோரும் அதே வாக்கியம். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி, கேமராவைப் பார்க்கத் தெரியாமல். கிராமத்தில் டிவி இருக்கும் வீட்டிலோ டீக்கடை மாதிரியான கடையிலோ ஊரே கூடி, நம்ம பையன் வருவானா என்று பார்த்திருக்கிறது. சில நொடி முகம், அவ்வளவுதான் அந்த வருடக் கிறிஸ்துமஸ். குடும்பத்தை மூன்று மந்திரத்தில் ஒன்றாக வைத்திருந்த அரசு குடும்பங்களுக்குக் கொடுத்தது இது.

போருக்குப் பயந்தும் வறுமைக்குப் பயந்தும் நாட்டை விட்டு ஓடியவர்கள் இன்னொரு பெரும் கூட்டம். 1960 முதல் 1974 வரை 10 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் பிரான்சுக்கு. நிறையப் பேர் கள்ளத்தனமாக மலைப்பாதை வழியே. ஏஜெண்டுக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தால் ஆளை நடுவழியில் விட்டுவிடுவானே? அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தார்கள். போகிறவரின் புகைப்படத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதி வீட்டில். மறு பாதி போகிறவரோடு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அவர் அந்தப் பாதியை அனுப்புவார். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் வீட்டார் மீதிப் பணத்தைக் கொடுப்பார்கள்.

இப்படிப் போனவர்கள் ஆகஸ்ட் மாதம் ஊருக்கு வருவார்கள். பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்கு அப்போதுதான் லீவு. ஆகஸ்ட் 15 மரியாவின் விண்ணேற்புத் திருநாள், போர்ச்சுகல்லில் பொது விடுமுறை. அதனால் ஊர்த் திருவிழாவிலிருந்து கல்யாணம், ஞானஸ்நானம் வரை எல்லாம் ஆகஸ்டில் வந்து குவிந்தன. வேறு நாளில் நடக்க வேண்டிய திருவிழாவையே ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்த ஊர்களும் உண்டு. புனிதர் காத்திருக்கலாம், மகன் லீவு முடிந்து போய்விடுவான் அல்லவா. வளைகுடாவிலிருந்து வரும் மாமாவின் ஒரு மாத லீவுக்குள் கல்யாணம் முடித்த வீடுகள் நம் பக்கத்திலும் எத்தனை!

1974 ஏப்ரல் 25 பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். போரில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள் ஒரே நாளில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள், ஜனங்கள் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூவைச் செருகினார்கள். இப்போது அது சுதந்திர நாள், பொது விடுமுறை. அந்தப் பூவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். வீட்டுக்குள் என்ன வந்தது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். பையன்கள் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பினார்கள். 1975-இல் வாத்திக்கானோடு பேசி, கோவிலில் கல்யாணமானவர்களுக்கும் விவாகரத்து உரிமையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1976 அரசியல் சட்டம் கணவனும் மனைவியும் சமம் என்றது. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று பாகுபாடு கூடாது என்றது. மறு வருடம் சிவில் சட்டத்தைத் திருத்தி, கணவன்தான் 'குடும்பத் தலைவன்' என்பதை எடுத்துவிட்டார்கள். டாக்டர் கரோலினா கேட்ட கேள்விக்கு 66 வருடம் கழித்து வந்த பதில். ஜூன் 10-க்கும் பெயர் மாறியது: போர்ச்சுகல், கமோயிஷ் மற்றும் போர்த்துகீசியச் சமூகங்களின் நாள். கடைசியில் சொன்ன சமூகங்கள் என்பது வெளிநாடு போனவர்கள். பாதி புகைப்படத்தோடு கிளம்பியவர்களுக்கும் கடைசியில் விடுமுறைப் பட்டியலில் ஒரு இடம்.

இனி அறைத்தோழன் கேட்ட நவம்பருக்கு வருகிறேன்.

2011-இல் போர்ச்சுகல் கடனில் மூழ்கி 7,800 கோடி யூரோ உதவி வாங்கியது. கொடுத்தவர்கள் சும்மா கொடுப்பார்களா, சிக்கனம் செய் என்றார்கள். பஸ்ஸோஸ் கொயெல்யோவின் அரசு 2012-இல் சம்பளம், ஓய்வூதியத்தோடு விடுமுறையிலும் கை வைத்தது. நான்கு நாட்கள் ரத்து, 2013 முதல் அமல். அதில் இரண்டு மத நாட்கள், இரண்டு அரசு நாட்கள் என்று தராசில் வைத்து நிறுத்தினார்கள். கிறிஸ்துவின் திருவுடல் திருநாள், நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், அக்டோபர் 5, டிசம்பர் 1. மத நாட்களுக்கு வாத்திக்கானோடு தனியாகப் பேசி ஒப்புதல் வாங்கினார்கள். குடியரசு பிறந்த நாளும் போயிற்று, நாடு விடுதலை பெற்ற நாளும் போயிற்று. ரத்தாவதற்கு முந்தைய கடைசி விடுமுறையான 2012 அக்டோபர் 5 அன்று லிஸ்பன் மாநகராட்சி மாடத்தில் அதிபர் கொடியேற்றினார். கொடி தலைகீழாக ஏறியது! யார் செய்த தவறோ, அன்று ஊர் முழுக்க அதே பேச்சு.

இதில் எவ்வளவு மிச்சம் என்று காலண்டரை வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டேன். மூன்று வருடம், வருடத்துக்கு நான்கு, மொத்தம் 12 நாட்கள். அவற்றில் 5 நாட்கள் சனி ஞாயிறில் வந்தன. ஆக உண்மையில் கிடைத்த கூடுதல் வேலை நாட்கள் மூன்று வருடத்துக்கு 7. நவம்பர் 1-ஐ மட்டும் பார்த்தால் 2013-இல் வெள்ளி, 2014-இல் சனி, 2015-இல் ஞாயிறு. ஒரே ஒரு நாள்!

அந்த ஒரு நாளுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நவம்பர் 1 அந்த ஊரில் என்ன நாள் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். திருச்சபைக் கணக்கில் அது புனிதர்களின் நாள். இறந்தவர்களின் நாள் மறுநாள், நவம்பர் 2. ஆனால் 2-ஆம் தேதி வேலை நாள். அதனால் ஜனங்கள் புனிதர்களின் லீவைக் கடன் வாங்கி, தங்கள் வீட்டு இறந்தவர்களிடம் போகிறார்கள். கல்லறையைக் கழுவுவது, சாமந்திப்பூ வைப்பது, விளக்கேற்றுவது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதற்காகவே கிராமத்துக்கு வருவார்கள். காலையில் குழந்தைகள் துணிப்பையோடு வீடு வீடாகப் போய் "பாவ் போர் தேவுஷ்" என்று கேட்பார்கள், கடவுள் பெயரால் ரொட்டி என்று அர்த்தம். (பாவ் பாஜியில் வரும் பாவ்தான்.) ரொட்டி, பாதாம், அத்திப்பழம், இப்போதெல்லாம் மிட்டாய் கிடைக்கும். 1755 நவம்பர் 1 காலையில், லிஸ்பன்வாசிகள் இதே திருநாள் பூசையில் இருந்தபோதுதான் பெரும் பூகம்பம் வந்து, தீயும் கடலும் சேர்ந்து நகரத்தை அழித்தது. குழந்தைகளின் ரொட்டிக் கேட்பு அதற்கும் பழையது. ஆனாலும் அந்தப் பேரழிவோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள்.

2013-இல் பள்ளிக்கூடம் உண்டு என்றால் துணிப்பையோடு யார் போவது? லிஸ்பனில் வேலை பார்க்கும் மகள், அம்மா கல்லறைக்கு வடக்கே ஊருக்கு எப்படிப் போவாள்? சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரத்து செய்தவர்கள் பட்டியலில் பார்த்தது புனிதர்களைத்தான், அம்மாவை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

2016-இல் அந்தோனியோ கொஸ்டாவின் அரசு நான்கு நாளையும் திருப்பிக் கொடுத்தது. (அந்தத் தலைகீழ்க் கொடி ஏறியபோது மாடத்தில் லிஸ்பன் மேயராகப் பக்கத்தில் நின்றவர் இவர்தான்!) அந்த வருடம் மே 26, வியாழக்கிழமை, திருவுடல் திருநாள் முதலில் திரும்பியது. நவம்பர் 1 செவ்வாய்க்கிழமை. மூன்றாம் திருநாள் என்று பெயர் கொண்ட கிழமையில் உண்மையிலேயே திருநாள்.

இதையெல்லாம் அறைத்தோழனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டாம் தேதி அங்கயும் லீவு இல்ல?" என்றான்.

"இல்லடா. அவங்க ஒண்ணாம் தேதியே போயிடுவாங்க."

"நமக்கு ஒண்ணாம் தேதியும் இல்லையே," என்று சொல்லிவிட்டு, அடுத்த நவம்பருக்கு இன்னும் எத்தனை நாள் லீவு போட முடியும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.